கறுப்புக் கோடு

புதாய் துறையில் தெப்பம் ஏறப்போகும் ஆண்கள் முதலில் அலையாத்திப் புதர்களுக்குப் பின்னால் போய்விட்டு வருவார்கள். வடகிழக்குக் காற்று உப்பை அள்ளி முகத்தில் அறைகிற குளிர்காலத்திலும் இது மாறாது. தெப்பத்தில் நின்று கடலில் சிறுநீர் கழிப்பது எங்கள் துறையில் நடக்காத காரியம். கீழே சிப்பி தொங்குகிறது. மூங்கில் சட்டங்களிலிருந்து கயிறு கயிறாக இறங்கி வளரும் அந்தச் சிப்பி, முட்டையோடும் கீரையோடும் கல்லில் வெந்து யார் வாய்க்கோ போகப்போகிறது. கடலைக் காக்கும் மாச்சோ அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பார்கள் கிழவர்கள். மொத்த வியாபாரி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பார்கள் மற்றவர்கள். காரணம் எதுவானாலும், மிதக்கிற ஒன்றின் மேல் கால் வைக்குமுன் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட வேண்டும். யோசித்துச் செய்வதில்லை, கால் தானாகப் புதர்ப் பக்கம் திரும்பிவிடும்.

சாய் புன்-ஹொக் அந்தப் புதருக்குப் பின்னால்தான் அதை முதலில் பார்த்தான். வெளுத்த மணலில் சிவப்பு. வலி இல்லை, எரிச்சல் இல்லை. முந்தின நாள் சாப்பிட்ட சிவப்பு டிராகன் பழம் என்று நினைத்துக்கொண்டு தெப்பம் ஏறினான். இரண்டு நாளில் நின்றுவிட்டது. நின்றது போதும் என்று இருந்துவிட்டான்.

பனிக்காலம் தொடங்கியபோது மறுபடி வந்தது. இந்த முறை வீட்டுக் குளியலறையின் வெள்ளைப் பீங்கானில். தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டான். மனைவி அ-லுவான் உள்ளே போனவள் வெளியே வந்து அவன் முன்னால் நின்றாள். சிப்பி உடைக்கும் கையுறை இன்னும் கையில் இருந்தது.

“என்னய்யா அது?”

“டிராகன் பழம்.”

“அது வாங்கி மாசக்கணக்காச்சு. இன்னும் உள்ள குடித்தனம் பண்ணுதா?”

“வெத்தல பாக்கா இருக்கும்.”

“வெத்தல பாக்கு வாய் வழியாத்தான சிவக்கும்? கிழக்குரங்கே, எத்தன நாளா இது?”

புன்-ஹொக் உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தான். அவன் பயந்தது ரத்தத்துக்கு அல்ல, அதற்கு அடுத்தாற்போல் வரப்போகும் ஒரு சொல்லுக்கு.

எங்கள் கடற்கரையில் அந்தத் தலைமுறை குடித்து வளர்ந்தது ஆழ்கிணற்றுத் தண்ணீர். கடலோரத்து மேல்மண்ணில் உப்பு. அதனால் பூமியை ஆழமாகத் துளைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். தெளிவாக, இனிப்பாக இருந்ததாம். அதில் நஞ்சு இருந்தது என்று தெரிவதற்குள் ஊரில் பாதிப் பேருக்குக் கால்விரல்கள் கறுத்துவிட்டன. புன்-ஹொக்கின் அப்பாவுக்கு முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே. அவர் இருந்தவரை அந்த வீட்டில் ‘வெட்டு’, ‘அறு’ என்ற சொற்களை யாரும் சொன்னதில்லை. மீனைக்கூட ‘சரிபண்ணு’ என்பார்கள். குழாய்த் தண்ணீர் வந்து, கிணறுகளை மூடி, கால்கள் கறுப்பதும் நின்றுபோன பிறகு, அந்தத் தண்ணீர் மனிதர்களின் உடம்புக்குள் வேறு இடங்களில் காத்திருந்தது தெரிந்தது. சிறுநீர்ப்பை அவற்றில் ஒன்று.

ஜியாயி நகரத்து ஆஸ்பத்திரியில், புதாயிலிருந்து வந்திருக்கும் ஒருவர் சிறுநீரில் ரத்தம் என்று சொன்னால் யாரும் சிரித்து அனுப்புவதில்லை. முதலில் வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவி ஒலியலைக் கருவியால் பார்த்தார்கள். பையின் இடது சுவரில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய குழாய்க் கண்ணாடியை உள்ளே விட்டு அதை நேரில் பார்த்தார்கள். பிறகு சி.டி. படம்: சிறுநீரகத்தில் தொடங்கிக் கீழேவரை, சாயம் ஏற்றி. இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு மேலே குழாய்களிலும் நோய் ஒளிந்திருக்கும் என்பதால் ஒரு மூலையையும் விடுவதில்லை. சிறுநீரகங்கள் சுத்தம். குழாய்கள் சுத்தம். நிணநீர்க் கணுக்கள் எதுவும் வீங்கவில்லை. பையில் மட்டும்தான்.

அறுவை மருத்துவர் ஹுவாங் குறைவாகப் பேசுகிறவர். ஒரு காகிதக் கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது புத்துநோய்தான், பெரியப்பா. இந்தக் கோப்பைக்கு உள்பக்கம் மெழுகு பூசியிருக்குல்ல? நோய் அந்த மெழுகோட நின்னா, கீழ்வழியா கருவிய விட்டுச் சுரண்டி எடுத்துடலாம். பை உங்ககிட்டயே இருக்கும். காகிதத்துக்குள்ள, அதாவது தசைக்குள்ள, வேர் விட்டிருந்தா கோப்பையவே எடுக்கணும்.”

“எடுத்துட்டு?”

“குடல்ல ஒரு துண்ட வச்சு வயித்துல வாசல் வப்போம். வெளிய ஒரு பை தொங்கும்.”

புன்-ஹொக் கோப்பையைப் பார்த்தான். “மெழுகா காகிதமான்னு எப்படித் தெரியும்?”

“சி.டி.க்கு அந்த அடுக்கு தெரியாது. எம்.ஆர்.ஐ.க்குத் தெரியும். சுரண்டுறதுக்கு முன்னாடியே எடுத்துடணும். சுரண்டிட்டா சுவர் கன்றிப்போயிடும், படம் குழம்பிடும்.”

எடுத்தார்கள். மறுவாரம் ஹுவாங் கூப்பிட்டுச் சொன்னது நல்ல சேதி அல்ல. இடது சுவர் தடித்திருக்கிறது. தசைக்குள் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். படம் பார்த்த மருத்துவர், பை சரியாக விரியவில்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். அவரோடு இன்னொரு தடவை பேசுகிறேன். ஆனாலும் பையை எடுப்பதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள் என்றார்.

வீடு திரும்பும் வழியில் உப்பளங்கள் முழுக்க மேகம் கிடந்தது. வண்டியை அ-லுவான்தான் ஓட்டினாள்.

*

சிப்பிக் கொட்டகை துறைக்கு எதிரே இருந்தது. தகரக் கூரை, மூன்று பக்கம் தார்ப்பாய். காற்று தார்ப்பாயை உப்பவிட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. பெண்கள் தாழ்ந்த முக்காலிகளில் உட்கார்ந்து, குத்துக்கத்தியை ஓட்டின் பொருத்தில் செருகி, ஒரு திருகில் திறந்து, சதையைச் சட்டியில் தட்டினார்கள். ஓடுகள் பின்னால் குவிந்தன. இஞ்சியும் சிப்பியும் போட்ட கஞ்சி ஓர் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. புன்-ஹொக்குக்கு மட்டும் அன்றைக்குப் பசியில்லை. ஓட்டுக் குவியலின் மேல் உட்கார்ந்து பழைய கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

தெப்பத்துக் கூட்டாளி கொக்-தொங் வந்து பக்கத்தில் குந்தினான். வாயில் பாக்கு.

“தோங்-ஷியில ஒருத்தன் பை வச்சிருக்கான். ஞாயித்துக்கிழம கோயில் வாசல்ல மைக்கப் புடிச்சுப் பாடுறான். கேக்க முடியல, ஆனா பாடுறான்.”

“அவன் பாடுறான். நான் நெஞ்சளவு தண்ணில நின்னு கயிறு கட்டணும். பை மிதக்கும். மீன் வந்து கொத்தும்.”

“ஒன்னக் கொத்துற மீனுக்கு வேற வேல இல்லையா?”

பெண்கள் சிரித்தார்கள். அ-லுவான் சிரிக்கவில்லை.

“நான் ஒத்துக்கப் போறதில்ல,” என்றான் புன்-ஹொக், யாரையும் பார்க்காமல். “அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. ஒரு வெரல்தான்னாங்க. கத்தி ஒரு தடவ ருசி பாத்துட்டா நிக்காது. போறது முழுசா போகட்டும்.”

அ-லுவானின் கத்தி ஓர் ஓட்டில் பாதி நுழைந்தபடி நின்றது.

“முழுசா போறியா? போ. போயிட்டா நீ முழுசு. நான் பாதியா இந்தக் கொட்டகையில குந்தியிருக்கணும், அப்படித்தான?”

“அதுக்கில்ல…”

“எதுக்கில்ல? ஒன் வயித்துல பை தொங்குனா அதக் கழுவப்போறது யாரு? நான். எனக்கே அருவருப்பு இல்ல, ஒனக்கு என்ன வந்துச்சு?”

தார்ப்பாய் ஒரு தடவை உப்பி அடங்கியது. அப்போது அவள் இடுப்பில் கைபேசி அடித்தது. கை ஈரம். பக்கத்துப் பெண் அதை எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, ஓட்டுக் கூடைமேல் நிறுத்தினாள்.

“சாய் புன்-ஹொக் பெரியப்பா வீடுங்களா? நான் படம் பாக்குற டாக்டர், லியாவ். நாம நேர்ல சந்திச்சதில்ல. உங்க உள்பக்கத்தத்தான் சந்திச்சிருக்கேன்.”

லியாவ் தைபேயில் வளர்ந்த பெண். எங்கள் பேச்சு அவர் வாயில் புதுச் செருப்பு மாதிரி கொஞ்சம் விறைப்பாக வந்தது. ஆனாலும் அந்தப் பேச்சில்தான் பேசினார்.

“சொல்லுங்க டாக்டர்,” என்றான் புன்-ஹொக்.

“ஒரே கேள்வி. அன்னைக்கு எம்.ஆர்.ஐ. படுக்கையில ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணுக்குப் போனீங்களா?”

கொட்டகையில் எல்லாக் கத்திகளும் நின்றன.

“தண்ணி குடிக்கச் சொன்னாங்க. பூராத்தையும் குடிச்சேன்.”

“குடிச்சது நல்லது. அப்புறம் போனீங்களா?”

புன்-ஹொக்கின் காதுமடல் சிவந்தது. “இல்லீங்க.”

“பொய்,” என்றாள் அ-லுவான். “டாக்டர், அது பொய் சொல்லுது. உடுப்பு மாத்துற அறைக்குப் பக்கத்துலயே கழிப்பறை. போயிட்டுக் கைய ஒதறிக்கிட்டு வந்துச்சு, நான் பாத்தேன். அந்தப் படுக்கை சறுக்கிக்கிட்டு உள்ள போறதப் பாத்ததும் தெப்பம்னு நெனச்சிருக்கும். எங்க ஆளுங்க மிதக்குற எதுலயும் போகாம ஏற மாட்டாங்க.”

லியாவ் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

“தெப்பமா?”

“கீழ சிப்பி இருக்குல்ல டாக்டர்,” என்று விளக்கம் கொடுத்தான் கொக்-தொங், கைபேசிக்கு மிக அருகில் குனிந்து.

லியாவ் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு போய்க் குரல் நிதானமானது.

“எனக்கு அந்தப் படத்தப் பாத்ததிலேருந்து சந்தேகம். பை சுருங்கிக் கெடந்துச்சு. காத்து எறங்குன பலூன் பாத்திருக்கீங்கல்ல? ரப்பர் தடியா, மடிப்பு மடிப்பாத் தெரியும். ஊதினாத்தான் அதோட உண்மையான தடிமன் தெரியும். பெரியப்பா, நல்லதுன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியலன்னு சொல்றேன். தெரியாத ஒரு படத்த வச்சு உங்க பைய எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஹுவாங் டாக்டர்கிட்ட பேசிட்டேன். திரும்ப வாங்க.”

பேச்சு முடிந்த பிறகும் யாரும் கத்தியை எடுக்கவில்லை. ‘எனக்குத் தெரியல’ என்று ஒரு டாக்டர் தானே கூப்பிட்டுச் சொல்லி எங்கள் துறையில் யாரும் கேட்டதில்லை. கொக்-தொங் பாக்கைத் துப்பிவிட்டு வந்து, “இந்தம்மா நல்ல வியாபாரி,” என்றான். “மேலாப்புல பாத்து வெல சொல்லல.” அவன் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

*

இரண்டாம் முறை போன அன்றைக்குக் காற்று இன்னும் கடுமை. பால்மீன் குட்டைகளில் தண்ணீர்ச் சக்கரங்கள் சுற்றின. வழிநெடுக வெள்ளைக் கொக்குகள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றன. சாயம் ஏற்றுவார்கள் என்பதால் புன்-ஹொக் சாப்பிடக் கூடாது. அ-லுவான் வண்டியை நிறுத்தி, அவன் கண்ணெதிரே ஒரு சோற்று உருண்டையை நிதானமாகத் தின்றாள்.

“இது தண்டனையா?”

“டாக்டர்கிட்ட பொய் சொன்னதுக்கு.”

படம் எடுக்கும் தொழில்நுட்பப் பெண் இந்த முறை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். “இப்பப் போயிட்டு வந்துடுங்க, பெரியப்பா. வந்து இந்தத் தண்ணியக் குடிங்க. அதுக்கப்புறம் நான் சொல்றவரைக்கும் போகக்கூடாது. நெறைஞ்சிருக்கணும், ஆனா வலிக்கக் கூடாது. ரொம்ப முட்டுச்சுன்னா நீங்க நெளிவீங்க, படம் அசைஞ்சிடும். சொல்லிடுங்க.”

போனான், வந்தான், குடித்தான். காத்திருந்தான். கொஞ்சநேரம் கழித்து அவள் கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட்டாள். புன்-ஹொக் எழுந்தான். அவன் கால்கள் கூப்பிட்ட கதவுக்குப் போகவில்லை. ஆண்கள் கழிப்பறைப் பக்கம் திரும்பின.

அங்கே வாசலில், கைகளை விரித்து இரண்டு நிலைக்கால்களையும் பிடித்தபடி அ-லுவான் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் உள்ளேயிருந்து வெளியே வர முடியாமல் ஒரு கிழவர் தவித்துக்கொண்டிருந்தார்.

“தள்ளு.”

“மாட்டேன்.”

“சும்மா கை கழுவ…”

“கை தண்ணிலயே பொறந்த கை. கழுவ வேணாம். ஏறு தெப்பத்துல.”

காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். புன்-ஹொக் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தான். கிழவர் வெளியே வந்து, “அம்மா, எனக்கும் ஒரு தடவ காவல் நில்லுங்க, அடுத்தது நான்தான்,” என்றார்.

உள்ளே அந்தக் குழாய், பிஸ்டன் தேய்ந்த தெப்ப இன்ஜினைப்போல இடித்தது என்று புன்-ஹொக் பிறகு சொன்னான். முதல் படம் வந்ததும் தொழில்நுட்பப் பெண் ஒலிபெருக்கியில் சொன்னாள்: “நல்லா விரிஞ்சிருக்கு பெரியப்பா, அப்படியே இருங்க.” அப்படியே இருப்பதுதான் கஷ்டம். வாழ்நாளில் முதல்முறையாக அவன் நிறைந்த பையோடு ஒரு தெப்பத்தில் படுத்திருந்தான். மாச்சோ அம்மனை நினைத்துக்கொண்டான். இது சிப்பிக்கு மேலே இல்லை, தாயே, என்று விளக்கமும் சொன்னான்.

லியாவ் அவர்களைத் தன் இருண்ட அறைக்கே அழைத்தார். அவர்கள் நினைத்ததைவிட வயது குறைந்தவர். கண்ணாடி, கம்பளிச் சட்டை, மேசையில் ஆறிப்போன தேநீர். திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இது முன்ன எடுத்தது. இது இன்னைக்கு எடுத்தது. வெள்ளையாத் தெரியுது பாருங்க, அது உங்க சிறுநீர்.”

முதல் படத்தில் கசங்கிய ஒரு சாம்பல் மூட்டை. இரண்டாவதில் வட்டமான வெள்ளைக் குளம். குளத்தைச் சுற்றி, கரிக்கட்டையால் இழுத்ததுபோல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு.

“இந்தக் கறுப்புக் கோடுதான் தசை,” என்றார் லியாவ். “இதோ, நோய்.”

இடது கரையிலிருந்து குளத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பூக்கோசு மாதிரி தலை. கீழே ஒரு சின்னக் காம்பு. கயிற்றில் பிடித்து வளரும் சிப்பிக் கொத்தைப்போலவே இருந்தது என்றாள் அ-லுவான் பின்னால்.

லியாவ் சக்கரத்தை உருட்டினார். படம் தாள் தாளாக நகர்ந்தது. காம்பு ஒட்டியிருந்த இடத்தை ஒவ்வொரு தாளிலும் நிறுத்தினார். முன்னாலிருந்து, பக்கவாட்டில், மேலிருந்து. எங்கள் ஊரில் புயலுக்கு மறுநாள் காலை எல்லோரும் கடலணைமேல் நடப்பார்கள். எங்காவது ஒரு கல் பெயர்ந்திருக்கிறதா, எங்காவது ஈரம் கசிகிறதா என்று அடி அடியாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். அந்த நடையைத்தான் அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தபடி நடந்துகொண்டிருந்தார். எவனோ ஒரு சிப்பிக்காரனின் வயிற்றுக்குள் இருக்கும், நகக்கண் அளவு தடிமன்கூட இல்லாத ஓர் அணைமேல்.

“காம்புக்கு அடியில பாருங்க. கோடு போகுது. போகுது. எங்கயும் அறல.”

‘அறு’ என்ற சொல் அந்த வீட்டுக்காரர்கள் காதில் அன்றைக்குத்தான் முதன்முதலாக நல்லவிதமாக விழுந்தது.

அவர் இன்னும் இரண்டு படங்களைத் திறந்தார். ஒன்றில் எல்லாம் இருட்டு. நோய் மட்டும் கோயில் விளக்கைப்போல எரிந்தது, விளக்கு கரையோடு நின்றது. இன்னொன்றில் சாயம் நோய்க்குள் முதலில் பாய்ந்து அதை வெளுக்கவைத்திருந்தது. கீழே கோடு கறுப்பாகவே கிடந்தது.

“மூணும் ஒரே கதை சொன்னாத்தான் நான் நம்புவேன். மூணும் சொல்லுது. தசைக்குள்ள போயிருக்கான்னு ஒண்ணுலேருந்து அஞ்சுவரைக்கும் எண் போடுவோம். போன தடவ நாலு போட்டேன். இப்ப ரெண்டு. கடைசி வார்த்தை சுரண்டி எடுக்குற சதைக்குத்தான். அதையும் பாத்துட்டுத்தான் நாம சந்தோஷப்படணும்.”

அ-லுவான் திரைக்கு வெகு அருகில் போய் நின்றாள். சிப்பி ஓடுகள் கீறிய விரலால், கண்ணாடியைத் தொடாமல், அந்தக் கோட்டை ஒரு சுற்று வரைந்தாள்.

“இதுக்கு மேல ஒண்ணும் வேணாம் டாக்டர். இந்தக் கோடு இப்படியே இருக்கட்டும்.”

“அத இருக்கவைக்கிறது இனி ஹுவாங் டாக்டர் வேல,” என்றார் லியாவ். பிறகு புன்-ஹொக்கைப் பார்த்து, “பெரியப்பா, நீங்க இப்பப் போகலாம்.”

அவன் ஓடினான்.

*

சுரண்டி எடுத்த சதையில் தசைத் துணுக்குகளும் இருந்தன. அவற்றில் நோய் இல்லை. உள் மெழுகைத் தாண்டி ஒரு மயிரிழை இறங்கியிருந்தது, அவ்வளவுதான். இரண்டாம் முறையும் சுரண்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார் ஹுவாங். பிறகு வாரம் ஒருமுறை பைக்குள் மருந்து விட்டார்கள். அந்த நாட்களில் புன்-ஹொக் யாரோடும் பேச மாட்டான். சில மாதங்களுக்கு ஒருமுறை குழாய்க் கண்ணாடி விட்டுப் பார்க்க வேண்டும், வருஷக்கணக்காக. திரும்பி வரக்கூடிய நோய் இது, அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் பை அவனுக்குள் இருந்தது. கல்லறைகளைச் சுத்தம் செய்யும் விழா முடிந்து, கடல் வெதுவெதுப்பானபோது, நெஞ்சளவு தண்ணீரில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

அவன் மறுபடி தெப்பம் ஏறிய முதல் காலையில், புதருக்குப் பின்னாலிருந்து வந்ததும் கொட்டகையிலிருந்து அ-லுவானின் குரல் துறை முழுக்கக் கேட்டது.

“நிறம் என்ன?”

கூச்சத்தில் அவன் தெப்பக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

“கேக்குறேன்ல! நிறம் என்ன?”

“தண்ணி! வெறும் தண்ணி! ஊருக்கே சொல்லு!”

மறுநாளும் கேட்டாள். அதற்கு அடுத்த நாளும். பிறகு மற்ற பெண்களும் தங்கள் வீட்டு ஆட்களைக் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் கேலிதான். “வைக்கோல்!” என்பான் ஒருவன். “நேத்துத் தேத்தண்ணி!” என்பான் இன்னொருவன். கொக்-தொங் எப்போதும், “பியர்! நுரையோட!” என்பான். வெளியூர் லாரிக்காரர்கள் இதைக் கேட்டு விழிப்பார்கள். ஆனால் அந்தக் கிணறுகளில் குடித்த ஆண்கள் எல்லோரும், வாழ்நாளில் முதல்முறையாக, குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

ஒரு காலையில் கொக்-தொங் புதருக்குப் பின்னாலிருந்து வந்தான். “நிறம் என்ன?” என்று கேட்டாள் அ-லுவான். அவன் தன் பங்குக் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

“ஓய், நுரை இல்லையா இன்னைக்கு?” என்றாள் ஒருத்தி.

“நேத்து ராத்திரி டிராகன் பழம் சாப்பிட்டேன்,” என்றான் அவன், கயிற்றைப் பார்த்துக்கொண்டு.

டிராகன் பழம் காய்க்க இன்னும் கோடை வர வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

புன்-ஹொக் தெப்பத்திலிருந்து கரைக்கு இறங்கினான். அவிழ்த்த கயிற்றை மறுபடி முளையில் கட்டினான். வண்டிச் சாவியை எடுத்தான்.

“ஏறு.”

“இப்பவா? சிப்பி…”

“சிப்பி எங்கயும் போகாது. ஏறுடா.”

கொக்-தொங் கயிற்றைக் கீழே போட்டான். வண்டியின் கதவைத் தொட்டவன், கையை எடுத்துவிட்டுப் புதரைப் பார்த்தான். “இன்னொரு தடவ போயிட்டு வந்துடறேன்.”

புன்-ஹொக் அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். “போகாத. அத வச்சிரு. அங்க பாக்குறதுக்கு வேணும்.”

அ-லுவான் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து, ஜன்னல் வழியாகத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். வண்டி உப்பளச் சாலையில் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, தன் முக்காலிக்குப் போய் அடுத்த ஓட்டைக் கையில் எடுத்தாள்.